ஐம்பது பவுண்டுக் கிரயம்: கில்கென்னிக் கோட்டை கைமாறிய வரலாறு

1967 ஆகஸ்டில் அயர்லாந்தின் கில்கென்னி ஊரில் ஒரு கிரயம் நடந்தது. விற்றவர் ஆறாம் ஆர்மண்ட் மார்க்விஸ் ஆர்தர் பட்லர். வாங்கியது கோட்டைச் சீரமைப்புக் குழு. சொத்து, நோர் ஆற்றங்கரையில் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றிருந்த கற்கோட்டை. விலை 50 பவுண்டு. கொடை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்; ஆனாலும் ஒரு தொகை குறிக்கப்பட்டது. ஒப்படைப்பு நாளன்று வந்திருந்த விருந்தினர்களில் பாடகர் மிக் ஜாகரும் ஒருவர். ஊரே திரண்டிருந்தது.

நம் பக்கத்தில் வீடு வாங்கப் போகிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் மூலப்பத்திரத்தைக் கேட்பார்; பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். இந்தக் கோட்டையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது எனக்கும் அந்த வழிதான் சரியென்று பட்டது. அரசர் பெயர்களையும் போர்களையும் வரிசையாக அடுக்குவதைவிட, சொத்து யாரிடமிருந்து யாருக்கு, எந்த வகையில் போனது என்று தொடர்ந்து போனால் கோட்டை தன் கதையைத் தானே சொல்லிவிடுகிறது. மணத்தால் வந்தது, வாரிசுப் பங்கில் பிரிந்தது, விலைக்குப் போனது, பறிபோனது, மீண்டும் வாங்கப்பட்டது, கடைசியில் ஊருக்கே எழுதப்பட்டது.

ஆறும் ஊரும்

ஜான்ஸ் பாலத்தில் நின்று பார்த்தால்தான் இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பது விளங்கும். 1910-இல் கட்டிய பாலம் இது. ஒரே வளைவில் ஆற்றைத் தாண்டுகிறது. கீழே நோர் அவசரமில்லாமல் ஓடுகிறது. ஆறு திரும்புகிற இடத்தில், மேட்டின் மேல், சாம்பல் நிறத்தில் வட்டக் கொத்தளங்கள். ஆற்றைக் கடக்கிற எவரும் அந்தக் கொத்தளங்களின் கண்ணில் படாமல் போயிருக்க முடியாது.

நோர், பாரோ, ஷூர் ஆகிய மூன்று ஆறுகளையும் அயர்லாந்துக்காரர்கள் மூன்று சகோதரிகள் என்கிறார்கள். தனித்தனியே ஓடிவந்து கடைசியில் ஒன்றுகூடி, வாட்டர்ஃபோர்டு துறைமுகத்தில் கடல் சேர்கின்றன. நோர் எப்போதும் இப்படிச் சாதுவாக இருந்ததில்லை. 1763 அக்டோபர் வெள்ளத்தில் ஊரின் இரண்டு பாலங்களும் இடிந்தன. அதே நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டத் தொடங்கிய கால்வாய் பாதியிலேயே நின்றுபோனது. சரக்குக்காக வெட்டிய அந்தக் கரை இன்று கோட்டையின் அடிவாரத்தில் நிழலான நடைபாதை. மாலையில் ஊர்க்காரர்கள் நாயோடும் குழந்தையோடும் உலவுகிறார்கள்.

கோட்டைக்கு முன்பே ஊர் உண்டு. ஐரிஷ் மொழியில் 'கில்' என்றால் தேவாலயம். ஆறாம் நூற்றாண்டுத் துறவி கானிஸின் பெயரைத் தாங்கிய ஆலயம் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். அவர் பெயரிலான பேராலயம் ஊரின் வடகோடியில் ஒரு மேட்டில் இருக்கிறது. அருகில் ஏறத்தாழ 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம். அயர்லாந்தில் உச்சிவரை ஏற முடிகிற பழைய வட்டக் கோபுரங்கள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. குறுகலான ஏணிகளில் மூச்சு வாங்க ஏறி மேலே நின்றால் ஊர் முழுவதும் ஒரு நீளக் கோடாகத் தெரிகிறது. ஒரு முனையில் ஆலயம், மறுமுனையில் கோட்டை. நடுவில் இரண்டு ஊர்கள். ஆலயத்தைச் சுற்றி ஆயர் ஆண்ட ஐரிஷ்டவுன். கோட்டையை ஒட்டி நார்மன் குடியேறிகளின் ஹைடவுன். தனித்தனி ஆட்சி, தனித்தனிச் சந்தை. 19-ஆம் நூற்றாண்டு வரை இந்தப் பிரிவினை ஏட்டில் இருந்தது.

மூலப்பத்திரம்

சொத்தின் முதல் உரிமை ஒரு திருமணத்திலிருந்து வருகிறது. நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட லென்ஸ்டர் மன்னர் டியர்மட் மக்மரோ, ஆட்சியை மீட்க நார்மன் வீரர்களை அழைத்துவந்தார். அவர்களின் தலைவர் ரிச்சர்ட் டி கிளேர்; 'ஸ்ட்ராங்போ' என்பது அவருக்கு நிலைத்துவிட்ட பெயர். உதவிக்குக் கைம்மாறாக மன்னர் தம் மகள் ஈஃபாவை மணமுடித்துக் கொடுத்தார். 1170-இல் வாட்டர்ஃபோர்டில் நடந்த அந்தத் திருமணத்தால் லென்ஸ்டரின் உரிமை ஸ்ட்ராங்போவிடம் வந்தது. நோர் ஆற்றுத் துறையைக் காக்க அவர் கில்கென்னி மேட்டில் மரக்கோட்டை கட்டினார். தோமண்ட் மன்னர் டோனல் ஓபிரையனின் படை அதை அழித்தது.

அடுத்த கைமாற்றமும் ஒரு பெண் வழியாகவே. ஸ்ட்ராங்போ, ஈஃபா இருவரின் மகள் இசபெல் 1189-இல் வில்லியம் மார்ஷலை மணந்தாள். சொத்தில்லாத இளைய மகனாகப் பிறந்து, வாட்போட்டிகளில் பெயரெடுத்து, பிற்காலத்தில் சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக இங்கிலாந்தையே ஆண்ட மனிதர் மார்ஷல். இன்று நாம் பார்க்கும் கற்கோட்டைக்கு அடித்தளமிட்டவர் அவர்தான். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நான்கு மூலையிலும் வட்டக் கொத்தளங்களோடு அது எழுந்தது. தெற்குக் கொத்தளத்தின் கீழறைக்குள் போனால் அந்தக் காலத்துச் சுவரின் பருமனைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

மார்ஷலுக்கு ஐந்து மகன்கள். ஐவரும் ஒருவர் பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்து, வாரிசில்லாமலே மறைந்தார்கள். 1245-இல் கடைசி மகனும் போனதும் சொத்து ஐந்து மகள்களின் வழியில் பங்கு பிரிந்தது. கில்கென்னி டி கிளேர் குடும்பத்துக்குப் போய், அங்கிருந்து டெஸ்பென்சர் குடும்பத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் இருந்துகொண்டு கடலுக்கு அப்பால் ஒரு கோட்டையைப் பராமரிப்பதைவிட விற்றுவிடுவதே மேல் என்று டெஸ்பென்சர்கள் முடிவெடுத்தார்கள். 1391-இல் மூன்றாம் ஆர்மண்ட் பிரபு ஜேம்ஸ் பட்லர் அதை விலைக்கு வாங்கினார். அந்தக் கிரயம் 576 ஆண்டுகள் செல்லுபடியாகி நின்றது.

எழுதிவைத்த தடை

பட்லர்கள் வருவதற்கு முன்பே ஊரின் தலையில் ஒரு வில்லங்கம் எழுதப்பட்டிருந்தது. 1366-இல் ஆங்கில அரசரின் மகன் லயனல் கூட்டிய நாடாளுமன்றம் கில்கென்னியில் கூடி, 'கில்கென்னிச் சட்டங்களை' இயற்றியது. குடியேறிய ஆங்கிலேயர்கள் ஐரிஷ்காரர்களோடு மணவுறவு கொள்ளக் கூடாது. ஐரிஷ் மொழி பேசக் கூடாது. ஐரிஷ் பெயர் வைக்கக் கூடாது. ஐரிஷ் சட்டப்படி வழக்காடக் கூடாது. மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் விளையாட்டையும் ஆடக் கூடாது.

இத்தனை 'கூடாது' எழுத வேண்டி வந்ததே, இவையெல்லாம் அன்றாடம் நடந்துகொண்டிருந்தன என்பதற்குச் சாட்சி. இரண்டு தலைமுறையில் வந்தவர்கள் மண்ணோடு கலந்துவிட்டார்கள்; சட்டம் அவர்களைப் பின்னால் துரத்திக்கொண்டிருந்தது, பிடிக்கவில்லை. இன்று கில்கென்னிக்கு வெளியூரில் இருக்கும் பெரும்புகழே ஹர்லிங்தான். அகில அயர்லாந்துப் பட்டத்தை இந்த மாவட்ட அணி 36 முறை வென்றிருக்கிறது. கருப்பும் அம்பரும் கலந்த அணிக்கொடி தொங்காத கடைவாசலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் இருண்ட பக்கத்தையும் இந்த ஊர் கண்டது. 1324-இல் வட்டிக்குப் பணம் கொடுத்துச் செல்வம் சேர்த்த ஆலிஸ் கைட்லர் என்ற பெண்மீது ஆயர் ரிச்சர்ட் டி லெட்ரெட் சூனியக் குற்றம் சாட்டினார். ஆலிஸுக்குச் செல்வாக்கு இருந்தது; தப்பிவிட்டார். அவரது பணிப்பெண் பெட்ரோனில்லாவுக்கு அது இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் அவளை உயிரோடு எரித்தார்கள். கைட்லர் பெயரில் இன்று ஒரு விடுதி இருக்கிறது. பயணிகள் சிரித்தபடி வாசலில் படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தெருவில் நடக்கும்போது எனக்குப் பணிப்பெண்ணின் பெயர்தான் நினைவில் இருந்தது.

பட்லர் காலம்

பட்லர் குடும்பத்தின் சாமர்த்தியம் போரைவிட ஏட்டில் அதிகம் இருந்தது. ஐரிஷ் தலைவர்களோடும் உறவு, லண்டன் அரசவையோடும் உறவு. எட்டாம் பிரபு பியர்ஸ் 1538-இல் தொடங்கிய பள்ளியை, பின்னாளில் முதல் ஆர்மண்ட் டியூக் ஜேம்ஸ் பட்லர் கில்கென்னிக் கல்லூரியாகப் புதுப்பித்தார். ஜொனாதன் ஸ்விஃப்ட், நாடகாசிரியர் வில்லியம் காங்கிரீவ், தத்துவஞானி ஜார்ஜ் பெர்க்லி மூவரும் அங்கே படித்தவர்கள். 18-ஆம் நூற்றாண்டில் கல்லூரிக்காகக் கட்டிய கட்டடம் ஆற்றின் அக்கரையில் கோட்டையைப் பார்த்தபடி இருக்கிறது. இப்போது மாவட்ட மன்ற அலுவலகம்.

வணிகர்களும் கொழித்தார்கள். ஜான் ரோத் என்ற வணிகர் 1594-இல் தொடங்கிக் கட்டிய ரோத் இல்லம், மூன்று வீடுகளும் மூன்று முற்றங்களுமாகப் பின்னால் தோட்டம்வரை நீள்கிறது. தெருவில் நின்று பார்த்தால் ஒரு முகப்புதான். உள்ளே போகப்போக வீடு வளர்ந்துகொண்டே இருக்கும். 1609-இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் ஊருக்கு மாநகரப் பட்டயம் அளித்தார். ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய இந்தச் சின்ன ஊர், இன்றும் தன்னை மாநகரம் என்றே சொல்லிக்கொள்கிறது.

1642-இல் ஊர் தலைநகரமாகவே ஆனது. கிளர்ந்தெழுந்த கத்தோலிக்கர்கள் தங்கள் கூட்டமைப்பின் பேரவையைக் கில்கென்னியில் நடத்தினார்கள். இதில் ஒரு முரண் உண்டு. கோட்டையின் உரிமையாளர் ஜேம்ஸ் பட்லர் புராட்டஸ்டண்ட். டப்ளினில் இருந்து அரசர் சார்பில் இதே கூட்டமைப்பை எதிர்த்துக்கொண்டிருந்தவர். அவரது சொந்தங்களோ எதிரணியில். ஏழாண்டுப் பேச்சும் சண்டையுமாக இழுத்து, 1649 ஜனவரியில் இரு தரப்பும் கில்கென்னியிலேயே உடன்படிக்கை செய்தன. அதே மாதம் அரசர் முதலாம் சார்லஸின் தலை லண்டனில் வெட்டப்பட்டது. 1650 மார்ச்சில் அரசரை வீழ்த்திய நாடாளுமன்றத் தரப்பின் படைத்தலைவர் குரோம்வெல் பீரங்கிகளோடு வந்து சேர்ந்தார். சில நாள் முற்றுகைக்குப் பின் ஊர் சரணடைந்தது.

அந்தத் தாக்குதலின் வடு இன்றும் கோட்டையின் உருவத்தில் இருக்கிறது. நாற்புறமும் மூடியிருந்த கோட்டையில் சேதமடைந்த ஒரு பக்கச் சுவரும் ஒரு கொத்தளமும் பிறகு எடுக்கப்பட்டுவிட்டன. அதனால்தான் முற்றத்தில் நின்றால் ஒரு பக்கம் முழுக்கப் பூங்காவாகத் திறந்துகொள்கிறது. பார்வையாளர்கள் பலர் இதை அழகுக்காகச் செய்த அமைப்பு என்றே நினைத்துப் படமெடுக்கிறார்கள்.

நாடுகடந்து வாழ்ந்து திரும்பிய ஜேம்ஸ் பட்லர் 1661-இல் டியூக் ஆனார். பிரான்சில் பார்த்த மாளிகைகளின் சாயலில் கோட்டையை மாற்றியமைத்தார். ஆனால் அவரது பேரன், இரண்டாம் டியூக், அரியணைப் போட்டியில் தோற்ற பக்கம் சாய்ந்தார். 1715-இல் அரசத் துரோகியாக அறிவிக்கப்பட்டுச் சொத்து பறிபோனது. அவர் அவினியோனில் அகதியாகவே இறந்தார். 1721-இல் தம்பி சார்லஸ் சொத்தைத் திரும்ப வாங்கினார். சொந்தக் குடும்பத்துச் சொத்துக்குக் குடும்பமே மீண்டும் விலை கொடுத்தது.

அதன்பின் நெடுங்காலம் பாழாய்க் கிடந்த கோட்டையில் வால்டர் பட்லரின் கிளை குடியேறியது. அவரது மகள் எலினார் 1778-இல் தோழி சாரா பொன்சன்பியோடு ஊரைவிட்டு வெளியேறி, வேல்ஸில் உள்ள லாங்கோலனில் வாழ்நாள் முழுவதும் குடியிருந்தார். எலினாரின் சகோதரர் ஜான் நிலக்கரிச் சொத்தின் வாரிசான ஆன் வாண்டஸ்ஃபோர்டை மணந்தார். அவர் காலத்தில்தான் கோட்டைக்கு எதிரே, தெருவின் மறுபக்கம், பிறைவடிவ முற்றத்தோடு குதிரை லாயம் எழுந்தது. லாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பத்திர அறை

கோட்டைக்குள் ஓர் அறையில் குடும்பத்தின் ஆவணங்கள் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. தோலில் எழுதிய கிரயங்கள், குத்தகைகள், மணவொப்பந்தங்கள், அரக்கு முத்திரைகள். ஸ்ட்ராங்போ காலத்திலிருந்து தொடங்கும் சேகரம் அது. தாமஸ் கார்ட் என்ற அறிஞர் முதல் டியூக்கின் வாழ்க்கையை எழுத 18-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கொண்டுபோன தாள்கள், இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. அப்படிப் போனது போக எஞ்சியதே பெருங்குவியல்.

இந்த அறையின் மதிப்பு 1922-இல் தெரிந்தது. மே மாதத்தில் உள்நாட்டுப் பூசலில் குடியரசுப் படையினர் கோட்டையைக் கைப்பற்றினார்கள். புதிய அரசின் படை சுற்றி வளைத்துச் சுட்டது. பட்லர் தம்பதி உள்ளேயே இருந்தார்கள். சண்டை விரைவில் முடிந்தது, கோட்டை தப்பியது. அடுத்த மாத இறுதியில் டப்ளினில் அரசு ஆவணக் காப்பகம் வெடித்துத் தீக்கிரையானது. ஏழு நூற்றாண்டு அயர்லாந்தின் எழுத்து ஒரே நாளில் சாம்பலாயிற்று. அந்த இழப்புக்குப் பின், ஒரு குடும்பம் தன் சொத்துரிமைக்காகக் கட்டிக்காத்த காகிதங்கள் நாட்டின் நினைவாகவே மாறின. வரலாற்றறிஞர் எட்மண்ட் கர்ட்டிஸ் 1172 முதல் 1603 வரையிலான பத்திரங்களைச் சுருக்கிப் பட்டியலிட்டு, 1932-க்கும் 1943-க்கும் இடையே ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். மூலங்கள் இப்போது டப்ளினில் தேசிய நூலகத்தில் உள்ளன.

ஏலம்

நிலச் சட்டங்கள் வந்து குத்தகைதாரர்களே நிலத்துக்கு உரியவர்களானபோது பெரிய வீடுகளின் வருமானம் வற்றியது. வரியும் பராமரிப்பும் மட்டும் வற்றவில்லை. 1935-இல் பட்லர்கள் கோட்டையைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பத்து நாட்கள் ஏலம் நடந்தது. கட்டில், நாற்காலி, புத்தகம், பாத்திரம் என்று வீடு துண்டு துண்டாக வாசல் தாண்டியது. ஏறத்தாழ 45 மீட்டர் நீளமான ஓவியக் கூடத்தில் ஜான் ஹங்கர்ஃபோர்ட் போலன் வண்ணம் தீட்டிய மரக்கூரை மட்டும் மேலே இருந்தது. அதைக் கழற்றி விற்க முடியாது. முப்பதாண்டுக்கு மேல் மழை ஒழுகியது.

ஊர் விழித்தது

ஒரு கோட்டையின் வரலாற்றில் கட்டடத்தைக் காத்தவர்களைத் தேடும்போது கட்டடத்துக்கு வெளியேயும் தேட வேண்டும். கில்கென்னியில் அந்தத் தேடல் 1849-க்குப் போகிறது. பெரும்பஞ்சத்தின் ஆண்டுகள் இன்னும் முடியவில்லை. அப்போது ஜேம்ஸ் கிரேவ்ஸ் என்ற பாதிரியாரும் ஜான் பிரிம் என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து கில்கென்னித் தொல்லியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். அது வளர்ந்து, 1890-இல் அயர்லாந்து முழுமைக்குமான அரச தொல்பொருளாய்வோர் சங்கம் ஆனது. தலைமையிடம் டப்ளினுக்குப் போய்விட்டது. மகள் புகுந்த வீடு போனபின் தாய்வீடு வெறிச்சோடியதுபோல் சிலகாலம் கழிந்தது. 1940-களில் ஊர்க்காரர்கள் மீண்டும் ஒரு தொல்லியல் சங்கத்தை எழுப்பினார்கள். 1962-இல் அந்தச் சங்கம் ரோத் இல்லத்தையே விலைக்கு வாங்கி அருங்காட்சியகமாக்கியது. ஒரு சங்கத்தால் ஒரு வீட்டைக் காப்பாற்ற முடியும் என்று காட்டியபின், கோட்டை எட்டாத உயரமாகத் தெரியவில்லை.

இன்னொரு விதை 1943-இல் விழுந்தது: கில்கென்னிக் கலைக்கூடச் சங்கம். அதன் சேகரம் பட்லர் கலைக்கூடம் என்ற பெயரில் 1976 முதல் கோட்டையின் அடித்தளத்தில் இருந்தது. 2020-இல் அக்கரையில் பழைய அறச்சாலைக் கட்டடம் ஒன்றுக்கு மாறியது.

மூன்றாவது, முன்பே சொன்ன குதிரை லாயம். அயர்லாந்தின் கைத்தொழிலும் பொருள் வடிவமைப்பும் பின்தங்கியிருப்பதாக 1962-இல் ஸ்காண்டிநேவிய வல்லுநர் குழு ஒன்று வெளிப்படையாக அறிக்கை எழுதியது. அதைப் படித்துக் கோபப்படாமல் ஏற்றுக்கொண்டவர் ஏற்றுமதி வாரியத்தின் வில்லியம் வால்ஷ். அடுத்த ஆண்டே கில்கென்னி வடிவமைப்புப் பட்டறைகள் தொடங்கின. கோட்டை லாயத்தைச் சீர்செய்து நெசவு, வெள்ளி, மட்பாண்டம், மரவேலை, அச்சு எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். குதிரை நின்ற கொட்டிலில் தறி நின்றது. 1988-இல் அரசுப் பட்டறைகள் மூடப்பட்டன. அங்கே பழகிய கைகள் ஊரைச் சுற்றித் தங்கள் சொந்தப் பட்டறைகளை நடத்தின. லாயத்தில் இன்றும் தேசிய வடிவமைப்பு, கைவினைக் கூடம் இயங்குகிறது.

கைமாற்றமும் அதன் பின்னும்

இந்தப் பின்னணியில்தான் 1967-இன் 50 பவுண்டைப் பார்க்க வேண்டும். கோட்டை நாளுக்கு நாள் சிதைவது மார்க்விஸுக்கு வருத்தம், ஊருக்கும் வருத்தம். விற்றதோடு அவர் நிற்கவில்லை. கோட்டைக்கு முன்னால் இருந்த நிலத்தையும் குடும்ப அறங்காவலரிடமிருந்து வாங்கி ஊருக்குச் சேர்த்தார். அங்கே என்றைக்கும் கட்டடம் எழும்பக் கூடாது. கோட்டை முழுமையாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். 1969-இல் கோட்டை அரசின் பொறுப்புக்கு வந்தது. பொதுப்பணித் துறை கையில் எடுத்த சீரமைப்பு பத்தாண்டுகளில் முடிகிற காரியமாக இருக்கவில்லை. பகுதி பகுதியாக நடந்தது.

அந்த வேலையின் பொறுமைக்கு நூலக அறையே சாட்சி. சுவர்த்துணி என்ன வண்ணம், என்ன வேலைப்பாடு என்று யாருக்கும் நினைவில்லாதிருந்தது. சுவரடிப் பலகை ஒன்றின் பின்னால் பழைய பட்டுத்துணியின் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை மாதிரியாக வைத்துப் பிரான்சில் புதிதாக நெய்து வாங்கிச் சுவருக்கும் திரைக்கும் பூட்டினார்கள். பத்து நாள் ஏலத்தில் யார் கண்ணிலும் படாத ஒரு முழத்துணி, ஓர் அறையையே திருப்பிக் கொடுத்தது.

நடந்து பார்க்க

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கோட்டையில் தொடங்காதீர்கள், வட்டக் கோபுரத்தில் தொடங்குங்கள். பிறகு கீழிறங்கி, 1225-இல் தோன்றிய கருப்பங்கித் துறவிகளின் மடமான பிளாக் ஆபியைப் பார்த்துவிட்டு, ரோத் இல்லம், கடிகாரக் கோபுரத்தோடு 1761-இல் எழுந்த தோல்செல் மண்டபம், 1582-இல் ஏழைகளுக்காகக் கட்டிய ஷீ அறச்சாலை என்று நடந்தால் பாதை தானாகவே கோட்டை வாசலில் கொண்டுபோய் விடும். வழியில் மழை பிடித்தால் 'பட்டர் ஸ்லிப்' என்ற சந்தில் ஒதுங்கலாம்; ஒரு காலத்தில் வெண்ணெய் விற்ற பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர்க் கருஞ்சுண்ணக்கல் நனைந்தால் பளிங்குபோல் மின்னும். அதைக் கில்கென்னிப் பளிங்கு என்றே அழைக்கிறார்கள்.

நான் போன அன்றும் மழை விட்டிருந்தது. ஓவியக் கூடத்தைப் பார்த்து முடித்து வெளியே வந்தபோது பூங்காவின் ஈரப் புல்லில் இரண்டு சிறுவர்கள் ஹர்லிங் மட்டையோடு பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். பந்து ஒருமுறை உருண்டு மதிலோரம் போய் நின்றது. சிறியவன் ஓடிப்போய், மார்ஷலின் கொத்தளத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து அதை எடுத்தான்.